மூண்டு கரணம்

ரெண்டுதான். திருப்பியும் எண்ணிப் பாத்திட்டன், ரெண்டு பெரிய எழுத்துத்தான், பிறகு என்னத்துக்கு எனக்கு இந்த நெஞ்சிடி. அந்தப் பெரிய திரையிலை என்ரை மகள் யதுஷாவின்ரை பேர், பக்கத்திலை சுவிஸ் கொடி, அதுக்குப் பக்கத்திலை அவள் பாயப்போற பாய்ச்சலின்ரை குறி. சின்ன எழுத்துகளை விட்டிடுங்கோ அம்மா, பெரிய எழுத்துகளை மட்டும் எண்ணுங்கோ, எத்தினை பெரிய எழுத்தோ அத்தினை கரணம் எண்டு சொல்லித் தந்தவளே அவள்தான். எனக்குப் பனியிலை வழுக்கிற ஸ்கீயும் தெரியாது, பனியும் பிடிக்காது, இவ்வளவு வருசமா இந்த நாட்டிலை இருக்கிறன், இண்டைக்கும் பனி கொட்டினா ஜன்னலுக்குப் பின்னாலை நிண்டு ஏசுற ஆள் நான், ஆனா எண்ணத் தெரியும். ரெண்டு எண்டால் ஆகாயத்திலை ரெண்டு தரம் தலைகீழாச் சுத்திப்போட்டு வந்து காலிலை நிப்பாள். மூண்டு எண்டால் மூண்டு தரம். மூண்டு வேண்டாம். இந்த வருசம் முழுக்க மூண்டு பாயமாட்டன் எண்டு எனக்குச் சொன்னவள். சத்தியம் ஒண்டும் பண்ணேல்லை, உதெல்லாம் அவளுக்குத் தெரியாது, வாய்க்குள்ளை புட்டை வைச்சுக்கொண்டு சொன்னவள், ஆனா சொன்னவள். இப்ப ரெண்டு எண்டுதானே போட்டிருக்கு. பிறகென்ன. காத்து அடிக்குது, அது நிக்குமட்டும் போட்டியை மறிச்சு வைச்சிருக்கினம். கடைசிச் சுற்று, ஆறு பிள்ளையள்தான் மிச்சம், ஒவ்வொருத்திக்கும் ஒரே ஒரு பாய்ச்சல். உலகக் கோப்பையாம். போன சுற்றிலை ரெண்டு கரணம் போட்டுத்தான் இந்த ஆறுக்குள்ளை வந்தவள், வந்ததே பெரிய காரியம், அதோடை விட்டிட்டு வீட்டை வரலாம், கோழிக்கறி சமைச்சுப் பெட்டியிலை கிடக்கு. அவள் அங்கை மேலை ஒரு சிவப்புப் பொட்டாத் தெரியிறாள், நான் இஞ்சை கீழை வேலியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன், ரெண்டு பேருக்கும் நடுவிலை அந்த மேடுகள். பனியாலை கட்டிச் சீவி நிமித்தி விட்டிருக்கிற மேடுகள். சின்னது ரெண்டு கரணத்துக்கு, பெரிசு மூண்டுக்கு. மலையிலை இருந்து வழுக்கி வந்து அதிலை ஏறினால் அது பிள்ளையை ஆகாயத்துக்கு எறியும், நாலு மாடி உயரத்துக்கு. ஆர் இந்தக் கண்டறியாத விளையாட்டைக் கண்டுபிடிச்சது? அவனுக்குப் பெத்த தாய் எண்டு ஒருத்தி இருந்திருக்க மாட்டாள்.

சின்ன மேட்டுக்கு நேராத்தான் நிக்கிறாள். எனக்கு வடிவாத் தெரியுது. கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் பாக்கிறன், துடைக்கிற கையுறையும் ஈரம், துடைக்கத் துடைக்கப் பனிப்புகார் மாதிரித்தான் கிடக்கு, எண்டாலும் அந்தச் சிவப்பு தெரியுது. கீழை, பிள்ளையள் வந்து இறங்கிற சரிவிலை, ஆக்கள் சவளாலை பனியைக் கொத்திக் கொத்தி இளக்கிக்கொண்டு நிக்கினம், இறுகின பனியிலை வந்து இறங்கினா முழங்கால் போயிடுமாம். ஒருத்தர் சாக்கிலை இருந்து பைன் மரத்து ஊசியிலையை அள்ளி அள்ளி வீசிறார், எங்கட ஆக்கள் மாட்டுக்கு வைக்கல் போடுற மாதிரி. முதல் வருசம் அதைப் பாத்திட்டு நான் ஏதோ நேர்த்தி எண்டெல்லோ நினைச்சன். யதுஷா விழுந்து விழுந்து சிரிச்சாள். வெள்ளையிலை வெள்ளை தெரியாதாம், மேலை சுத்தேக்கை எது நிலம் எது வானம் எண்டு கண்ணுக்குப் பிடிபடவேணுமாம், அதுக்குத்தான் பச்சை. எது நிலம் எண்டு தெரியாத இடத்துக்கு ஏன் பிள்ளை போறாய் எண்டு கேட்டன். அவள் அதுக்கும் சிரிச்சாள். எல்லாத்துக்கும் சிரிப்பு. அவளுக்கு ஐஞ்சு வயசிலை சோபாவிலை இருந்து பாய்ஞ்சுகொண்டே இருப்பாள், கீழ் வீட்டு மனிசி தும்புத்தடியாலை சீலிங்கிலை இடிப்பா, ஞாயிற்றுக்கிழமையளிலை ஆணி அடிக்கேலாத, வெறும் போத்தலைத் தொட்டியிலை போடேலாத நாடு இது, பிள்ளை பாய விடுமோ. ஒருநாள் மனிசி மேலை ஏறி வந்து கதவைத் தட்டி, கோவமும் இல்லாமல், உந்தப் பிள்ளையை எங்கையாவது கொண்டுபோய்ப் பாய விடுங்கோவன் எண்டா. கொண்டுபோனம். ஸ்கூலுக்குப் பின்னாலை உடற்பயிற்சி மண்டபம், நடுவிலை துள்ளுற வலை. அதிலை ஏறினவள் இறங்கவேயில்லை. இறங்கு, இறங்கு எண்டு கத்திக் கத்தி என்ரை தொண்டை போச்சு. பிறகு உர்ஸ் எண்டு ஒருத்தர் வந்தார், இப்பவும் அவர்தான் கோச், அந்தா மேட்டுக்குப் பக்கத்திலை கால் அகட்டி நிக்கிறாரே அந்த நெடுவல். உங்கட பிள்ளைக்கு ஆகாயத்திலை பயம் இல்லை எண்டு ஜேர்மன் பாசையிலை, டொச்சிலை சொன்னார். எனக்குச் சந்தோசமாக் கிடந்தது. பிள்ளைக்குப் பயம் இல்லையாம் எண்டு கனடாவிலை இருக்கிற மச்சாளுக்கும் போன் எடுத்துச் சொன்னன். பயம் எங்கையும் போகேல்லை, அவளிட்டை இருந்து இறங்கி வந்து எனக்குள்ளை குந்திக்கொண்டுது, அவ்வளவுதான்.

கால் விறைச்சுப் போச்சு. ரெண்டு சோடி கால்மேசு போட்டிருக்கிறன், ஒண்டு இவளின்ரை அப்பாவின்ரை, எண்டாலும் விரல் இருக்கோ இல்லையோ தெரியேல்லை. வெயில் காலத்திலை நல்லம், வெயில் காலத்திலை தண்ணியிலைதான் பாயிறவை. காலிலை ஸ்கீயைக் கட்டிக்கொண்டு பிளாஸ்டிக் சரிவிலை வழுக்கி வந்து சுத்திப்போட்டுக் குளத்துக்குள்ளை விழுவினம், கீழை இருந்து காத்தை அடிச்சுத் தண்ணியை நுரைக்க வைச்சிருப்பினம், விழுந்தா நனையும், வேறை ஒண்டுமில்லை. நான் கரையிலை துவாயோடை இருப்பன். அப்பிடியே இருந்திருக்கலாம். எல்லாக் காலமும் வெயில் காலமா இருந்திருந்தா என்ன குறைஞ்சு போயிடும் இந்த நாட்டுக்கு. போன மாரியிலை பின்லாந்திலை விழுந்தவள். நான் அங்கை இல்லை. நான் முதியோர் இல்லத்திலை உடுப்புத் தோய்க்கிற அறையிலை நிண்டனான், மெசினுக்குள்ளை கட்டில் விரிப்புகள் சுத்துற சத்தத்திலை போன் அடிச்சது கேக்கேல்லை, பிறகு பாத்தா உர்ஸின்ரை நம்பர் வரிசையாக் கிடக்கு. எலும்பு ஒண்டும் முறியேல்லை எண்டார் முதல். அதைக் கேட்டுச் சந்தோசப்பட்டன் நான், மடைச்சி. தலை அடிபட்டதாம். வீட்டுக்குக் கொண்டு வந்து ஜன்னல் சீலையெல்லாம் இழுத்து மூடி, லைட் போடாமல், போன் குடுக்காமல், ரீவி போடாமல், இருட்டுக்குள்ளை வைச்சிருந்தம். நான் பக்கத்திலை இருப்பன். அம்மா, நாங்கள் இப்ப எங்கை நிக்கிறம் எண்டு கேப்பாள். வீட்டை பிள்ளை எண்டுவன். ஓ எண்டிட்டுக் கண்ணை மூடுவாள். நான் மூச்சு விடமுதல் திருப்பியும், அம்மா, நாங்கள் இப்ப எங்கை நிக்கிறம். வீட்டை பிள்ளை. அதே குரல், அதே இழுவை, புதுசாக் கேக்கிற மாதிரி. அம்மாளாச்சி, அந்தக் கேள்வியை நான் எத்தினை தரம் கேட்டன். பிறகு சுகம் வந்துது, சிரிச்சாள், சாப்பிட்டாள், ஆசுப்பத்திரியிலை எல்லாப் படமும் எடுத்துப் பாத்துப்போட்டு விளையாடலாம் எண்டிட்டினம். ஆனா அந்த டொக்டர் பொம்பிளை என்னைத் தனிய மறிச்சுச் சொன்னவ, எலும்பு எண்டால் பொருத்தலாம், இது இன்னொருக்கால் அடிபடக் கூடாத இடம் எண்டு. எனக்கு ஏன் சொன்னவ? நான் என்ன செய்யிறது? நான் அவளின்ரை தலையை எடுத்து என்ரை பையுக்குள்ளையே வைச்சிருக்கிறது?

ரெண்டு. இன்னும் ரெண்டுதான். காத்து நிண்டால் அவளுக்கு முதல் கசகஸ்தான் பிள்ளை ஒண்டு பாயும், பிறகு இவள், ரெண்டு கரணம், கீழை வந்து நிப்பாள், கையைத் தூக்குவாள், முடிஞ்சுது. கடைசியா வந்தால் வரட்டும். அப்பிடித்தான் காலமையும் சொன்னனான். தலை இழுத்துப் பின்னி விட்டன், தொப்பிக்குள்ளை அடங்கிறதுக்கு இறுக்கிப் பின்னவேணும், பின்னேக்கை சொன்னன், கடைசியா வந்தாலும் பரவாயில்லைப் பிள்ளை எண்டு. அவள் தலையைத் திருப்பாமல், "அம்மா, அப்பிடிச் சொல்லாதேங்கோ" எண்டாள். "ஏன், கடைசியா வாறதும் ஒரு இடம்தானே?" "கடைசியா வாறதுக்கு நான் இவ்வளவு தூரம் திரும்பி வரேல்லை அம்மா." பின்னி முடிஞ்ச உடனை தொப்பியைப் போட்டுக்கொண்டு எழும்பியிட்டாள். நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்கு வாய் சும்மா கிடக்காது. கடைசியா வா எண்டு நான் சொன்ன மாதிரியெல்லோ அவளுக்குக் கேட்டிருக்கும். இல்லை, அப்பிடி எடுக்க மாட்டாள், அவளுக்குத் தெரியும் அம்மாவின்ரை வாய். ஒலிம்பிக்குக்கு ஆக்களை எடுக்கப் போகினமாம், அதுக்கு முதல் மூண்டு இடத்துக்குள்ளை ஒருக்கால் வரவேணுமாம், இண்டையான் போட்டிதான் கடைசியாம், உதெல்லாம் அவள் எனக்குச் சொல்லேல்லை, உர்ஸோடை போனிலை கதைச்சதைக் கேட்டனான். ரெண்டு கரணத்தோடை முதல் மூண்டுக்குள்ளை வரேலாது எண்டு எனக்குத் தெரியும். சீனத்துப் பிள்ளை மூண்டு போடும், அவுஸ்திரேலியாப் பிள்ளை மூண்டு போடும், கசகஸ்தானும் மூண்டுதான், எல்லாத் தாய்மாரும் எங்கையோ கிடந்து சாகினம். எங்கட ஆக்கள் வேறை, தமிழ்ச் சங்கத்திலை படம் போட்டு வாழ்த்தி வைச்சிருக்கினம், தலைகீழாத் தொங்கிற படம், என்ன பிள்ளை நிமிந்து நிக்கிற படம் ஒண்டும் இல்லையோ எண்டு கேட்டன். உதைச் செய்தா என்ன வேலை எடுக்கலாம் எண்டு ஒருத்தர் உண்மையாவே கேட்டவர்.

காத்து குறையுது. கம்பத்திலை கட்டியிருக்கிற ரிப்பன் தொங்கப் பாக்குது. தொங்காதை, அடி, இன்னும் அடி, இருட்டுமட்டும் அடி, போட்டியை விட்டிட்டு வீட்டை போவம். அவள் ஏன் நடக்கிறாள்? அந்தச் சிவப்பு நகருது. குளிருக்கு நடக்கிறாள், கால் விறைக்கும்தானே, எனக்கே விறைக்குது, அங்கை உச்சியிலை எப்பிடி இருக்கும். நட பிள்ளை, நட, நல்லம். உங்காலை நடந்திட்டுத் திரும்பி வா. திரும்பேல்லை. நிண்டிட்டாள். இது எந்த மேட்டுக்கு நேரா நிக்கிறாள்? எனக்குக் கண்ணாடி மங்கலாக் கிடக்கு, நான் நிக்கிற இடம் சரிவு, இஞ்சை இருந்து பாத்தா எல்லாம் கோணலாத்தான் தெரியும். திரையைப் பாக்க மாட்டன். பாத்திட்டன். பேர், கொடி, குறி. ஒண்டு, ரெண்டு, மூண்டு. சின்ன எழுத்தையும் சேத்து எண்ணிப்போட்டன் போல. ஒண்டு. ரெண்டு. மூண்டு. மூண்டும் பெரிய எழுத்து. ஒரு மனிசன்கூடத் திரும்பிப் பாக்கேல்லை. கைதட்டினம், தேத்தண்ணி குடிக்கினம், ஒரு பொம்பிளை நாய்க்குச் சட்டை பூட்டி விடுறா. பாயமுதல் எப்பவும் மாத்தலாமாம், கோச் வயர்லெஸ்ஸிலை ஒரு சொல்லுச் சொன்னா காணுமாம், எழுத்து மாறியிடும். ஒரு சொல்லு. அதை ஆர் சொன்னது? உர்ஸ் சொன்னவரோ, இவள் சொன்னவளோ? இவள்தான். எனக்குத் தெரியும் என்ரை பிள்ளையை. போன், போன் எடுப்பம், எடுத்து, பிள்ளை, அம்மாக்கு வாக்குத் தந்தனியெல்லோ, இறங்கு எண்டு சொல்லுவம். கையுறையைப் பல்லாலை கழட்டி நம்பரை அமத்தினா என்ரை இடுப்பிலை ஏதோ நடுங்குது. அவளின்ரை போன். என்ரை பையுக்குள்ளை. காலமை அவள்தான் தந்தவள், வைச்சிருங்கோ அம்மா எண்டு. நான் அடிக்க அடிக்க அது என்ரை இடுப்பிலையே கிடந்து நடுங்குது, திரையிலை "அம்மா" எண்டு காட்டுது, நான் அதைப் பாத்துக்கொண்டு நிக்கிறன்.

மஞ்சள் சட்டை போட்டவர் வேலிக் கதவடியிலை நிக்கிறார், அவரிட்டைப் போனன். என்ரை டொச் அவதிப்படேக்கை உடைஞ்சு போயிடும், எண்டாலும் சொன்னன், "என்ரை மகள். மேலை. பாய்ச்சலை மாத்திப்போட்டினம்." அவர் குனிஞ்சு கேட்டார், நல்ல மனிசன், மீசையெல்லாம் பனி. "ஓ, உங்கட மகளோ? மூண்டு கரணமோ? வாழ்த்துகள்!" எண்டார். "இல்லை, கூடாது. அவளுக்குத் தலை அடிபட்டது." "டொக்டர் விட்டிருப்பினம்தானே?" "விட்டவை, ஆனா." ஆனா என்ன? "கோச்சோடை கதைக்கவேணும்" எண்டன். அவர் மேலை காட்டினார், எவ்வளவு தூரம் பாருங்கோ எண்டு சொல்லுற மாதிரி. "நான் கதவைத்தான் பாக்கிறனான் அம்மா. கோட்டுக்கு அங்காலை நில்லுங்கோ, பிள்ளையள் வழுக்கி வந்து நிக்கிற இடம் இது." நிண்டன். என்ன செய்ய. ஓடினா அந்தச் சரிவிலை நாலடி ஏறமுதல் சறுக்கி விழுவன், என்னை நாலு பேர் தூக்குவினம், அவள் மேலை இருந்து பாப்பாள், பாயப்போற நேரம் தாயைத் தூக்கிக்கொண்டு போறதைப் பாப்பாள். கத்தினா கேக்குமோ? இந்த மலையிலை அவளுக்குத் தெரிஞ்ச தமிழ்க் குரல் என்ரை ஒண்டுதான். கேட்டு, எந்த நேரத்திலை கேக்குமோ, ஆகாயத்திலை நிக்கேக்கை கேட்டால் தலையைத் திருப்பினால்? வேண்டாம். வாயைப் பொத்திக்கொண்டு நில். கத்தினாலும் பிழை, கத்தாட்டிலும் பிழை. இவளுக்கு இருவது வயசு. கல்யாணம் பேசலாம், வோட் போடலாம், என்னட்டைக் கேளாமல் சாகலாம். சீ, என்ன சொல்லுறன், வாயைக் கழுவவேணும், முருகா, நான் சொல்லேல்லை, நீ கேக்கேல்லை.

போன் அடிக்குது, என்ரை போன். அவர். "மலர், என்ன காத்து நிண்டிட்டுதோ? தொடங்கப் போகினமாம்!" பின்னாலை சட்டி பானை உருள்ற சத்தம், இவளின்ரை அப்பா வேலை செய்யிற ஹோட்டல் குசினியிலை நிக்கிறார், மத்தியானச் சாப்பாட்டு நேரம், லீவு குடுக்கேல்லை, போனிலை போட்டியைப் போட்டு மாவுத் தகரப் பேணியோடை சாய்ச்சு வைச்சிருக்கிறாராம், இன்னொரு போனிலை என்னோடை கதைக்கிறார். "இஞ்சருங்கோ, அவள் மூண்டு போடப் போறாள்" எண்டன். "மூண்டோ? என்ரை குஞ்சு! நான் சொன்னனான்தானே உமக்கு, அவள் விடமாட்டாள் எண்டு!" "நீங்கள் சொன்னனீங்கள், அவளுக்கும் சொன்னனீங்களோ?" "நான் என்னப்பா சொல்லப்போறன், எனக்கு உந்த எழுத்தே விளங்காது. ஏன், குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?" "எனக்குப் பயமாக் கிடக்கு." "உமக்கு எப்பதான் பயமில்லை, அவள் பிறக்கமுதலே பயந்தனீர். ஒண்டும் நடக்காது. பேசாமல் பாரும்." அவருக்குத் தெரியாது. இருட்டறையிலை நான்தானே இருந்தனான், அவர் வேலை முடிஞ்சு வரேக்கை அவள் நித்திரை, அந்தக் கேள்வியை அவர் ஒருக்கால் கேட்டிருப்பார், ஒரு கேள்வியை ஒருக்கால் கேட்டால் அது வெறும் கேள்விதானே. காத்து நிண்டுது, தொடங்கக் கொம்பு ஊதினது, சனம் எல்லாம் கழுத்திலை மாட்டி வந்த மாட்டு மணியைத் தூக்கி அடிக்கத் தொடங்கிட்டினம், கலகலகல எண்டு மலை முழுக்க மணி. கசகஸ்தான் பிள்ளை வந்துது, பெரிய மேட்டிலை ஏறி எறிபட்டுது, ஒண்டு, ரெண்டு, மூண்டு, கால் பட்ட உடனை கை நிலத்திலை ஊண்டி, குந்தி, ஒரு மாதிரி எழும்பியிட்டுது. "அம்மாடி, விழப் பாத்துப் பிழைச்சிட்டுது" எண்டன். "ஆர்?" எண்டார். "கசகஸ்தான்." "அது இன்னும் வெளிக்கிடவேயில்லையே, மேலைதான் நிக்குது. ஓ, இப்பத்தான் வருது, வருது." இஞ்சை அது கும்பிட்டுக் கையாட்டிக்கொண்டு தாண்டிப் போகுது, அங்கை அவர் "ஆ, விழப் பாத்து எழும்பியிட்டுது!" எண்டு கத்திறார். அவருக்கு அரை நிமிசம் பிந்தித்தான் வருதாம். "மலர், இஞ்சை பாரும், அவள் பாயேக்கை நீர் முந்திச் சொல்லிப்போடாதையும் என்ன. நானும் கண்ணாலை பாக்கவேணும். போனை வைக்கவும் வேண்டாம், நீரும் பக்கத்திலை நிக்கிற மாதிரிக் கிடக்கு." "சரி" எண்டன். வேறை என்ன சொல்ல.

அவளின்ரை பேரைச் சொல்லிட்டான். மைக்கிலை கத்திறவன் எங்கட பேரை எப்பிடியோ வளைச்சு நெளிச்சுச் சொல்லிட்டான், மணி எல்லாம் இரட்டிப்பா அடிக்குது, சொந்த நாட்டுப் பிள்ளையெல்லோ, கொடியை ஆட்டினம், நாய்க்குச் சட்டை பூட்டின பொம்பிளையும் துள்ளுறா. இறங்கு பிள்ளை. சின்ன மேட்டுக்கு வா, இன்னும் நேரம் இருக்கு, எப்பன் இருக்கு. வராட்டில் பரவாயில்லை, நட, பெரிய மேட்டிலையே பாய், ஆனா நிண்டு இறங்கு, கால் ரெண்டையும் சேத்து வைச்சு இறங்கு, நான் உனக்கு இனி ஒண்டும் சொல்லமாட்டன், கடைசியா வா எண்டு சொல்லமாட்டன், முதலாவதா வா, எல்லாத்தையும் வெண்டு கொண்டு வா, ஆனா நிண்டு இறங்கு. கையைத் தூக்கிறாள். உர்ஸ் கையைத் தூக்கிறார். அவள் வெளிக்கிட்டிட்டாள். சத்தம் இல்லை, சிவப்பு மட்டும் வழுக்கி வருது, குந்திக்கொண்டு, வேகம், வேகம் காணுமோ கூடவோ எனக்கு என்ன தெரியும், மேட்டிலை ஏறினாள், எறிஞ்சிட்டுது. மேலை. எவ்வளவு மேலை, ஆகாயத்திலை என்ரை பிள்ளை, வடிவு, ஐயோ அது வடிவுதான், ஒண்டு, கை ரெண்டையும் நெஞ்சோடை சேத்துத் திருகிறாள், ரெண்டு, உர்ஸ் ஏதோ கத்திறார், திருப்பியும் கத்திறார், மூண்டு, மூண்டு இன்னும் முடியேல்லை, முடியேல்லை, நிலம் முந்தி வந்திட்டுது.

முதுகு. இல்லை, தலை. முதுகும் தலையும். பனி எழும்பிச்சுது, பச்சை இலையும் எழும்பிச்சுது, அதுக்குள்ளை இருந்து அவள் உருண்டு உருண்டு வந்து சரிவின்ரை அடியிலை நிண்டிட்டாள். ஒரு ஸ்கீ கழண்டு தன்ரை பாட்டிலை வழுக்கி வந்து வேலியிலை முட்டி என்ரை காலடியிலை கிடக்கு. எழும்பு. குஞ்சு, கையை ஆட்டு, ஒரு விரலை ஆட்டு. சிவப்புச் சட்டை அசையேல்லை. ஆக்கள் ஓடினம், பெட்டியோடை ஓடினம், உர்ஸ் விழுந்தெழும்பி ஓடி வாறார், நான் வேலியைத் தாண்டக் காலைத் தூக்கிறன், மஞ்சள் சட்டைக்காரர் என்னைப் பிடிக்கிறார், ரெண்டு கையாலும் பிடிக்கிறார், அவருக்கும் அழுகை வருது போல. மணியெல்லாம் நிண்டு போச்சு. மலை முழுக்க ஒரு மணிச் சத்தம் இல்லை. காதிலை போன். காதுக்குள்ளை மட்டும் மணி அடிக்குது, அவரின்ரை மாவுப் பேணியடியிலை இருந்து, கலகலகல எண்டு, சனம் கத்துது, ஆரோ அவளின்ரை பேரை வளைச்சு நெளிச்சுச் சொல்லுறான். "மலர், பேர் சொல்லிட்டாங்கள்! டேய், எல்லாரும் இஞ்சை வாங்கோ, என்ரை மகள், என்ரை மகள்!" சட்டியை வைக்கிற சத்தம், ஓடி வாற சப்பாத்துச் சத்தம். பாக்காதேங்கோ எண்டு சொல்லவேணும். போனைக் கவிட்டு வையுங்கோ, அடுப்பைப் பாருங்கோ, இஞ்சருங்கோ, பாக்காதேங்கோ. "மணி அடிக்கிறாங்கள், எங்கட பிள்ளைக்கு! மலர், கேக்குதோ உமக்கு?" கேக்குது எண்டன். அவருக்கு அவள் இன்னும் மேலைதான் நிக்கிறாள்.